கயிறு கட்டிய மடி

இரண்டு வருடங்களுக்கு முன்னர், ஆவணி மாதத்தில், திருகோணமலை ஆசுபத்திரிக்குக் கிட்டவுள்ள கடற்கரைத் திடலில் நடந்தது இது. மாவட்டத்துச் சிற்பக் கலைஞர்களின் படைப்புகளை அங்கே ஐந்து நாள்கள் திறந்தவெளியில் வைத்திருந்தோம். நான் கண்காட்சிக்குப் பொறுப்பான இரண்டு உத்தியோகத்தர்களில் ஒருத்தி. மற்றவர் இரண்டாம் நாளே காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டார். அதன்பிறகு காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் வரை ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு குடை, ஒரு தண்ணீர்ப் போத்தல், நான். அவ்வளவுதான்.

கச்சான் காற்று அடிக்கிற காலம். மண் பறந்து கண்ணுக்குள் விழும். வீட்டுக்குப் போனால் தலைமயிருக்குள்ளும் மண். கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் போகாது. வரவேற்பு வளைவில் கட்டியிருந்த தோரணத்தை முதல்நாள் காலையிலேயே நகரத்துக்குள் திரிகிற மான்கள் தின்று முடித்துவிட்டன. அதற்குக்கூட நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

சிற்பங்கள் நல்லவை. அதை இப்போது சொல்கிறேன். அப்போது அவற்றை நான் சரியாகப் பார்க்கவேயில்லை. தம்பலகாமத்து விவசாயி ஒருவர், தன் வயலை மிதித்த யானையைப் பழைய உழவு இயந்திரத் தகடுகளில் செய்திருந்தார். “கோபத்திலதான் தொடங்கினனான். செய்து முடிய அதில பாசம் வந்திட்டுது” என்று சிரித்தார். கந்தளாய்ச் சிங்களக் கலைஞர் ஒருவருடைய கருங்கல் ஆமை இருந்தது. நிலாவெளியிலிருந்து, படகு இயந்திரத் துண்டுகளை ஒட்டிச் செய்த ஒரு சுறா வந்திருந்தது.

கட்டைபறிச்சானிலிருந்து வந்தது ஒரு சீமெந்துப் பெண். காலை நீட்டி நிலத்தில் அமர்ந்திருக்கிறாள். ஆளைவிட இரண்டு மடங்கு பெரியவள். முகம் அவ்வளவு தெளிவில்லை. மடி மட்டும் அகலமாக, வழுவழுப்பாக இருந்தது. பெயர் ‘மடி’. அதைச் செய்தவர் சீமெந்தில் பூச்சாடி வார்த்து விற்கிற ஒரு பெண். பிள்ளைக்குச் சுகமில்லை, கடைசி நாள்தான் வர முடியும் என்று சொல்லிச் சிலையை லொறியில் அனுப்பியிருந்தார். பாரம் கூட என்பதால் லொறிக்காரர்கள் அதை வாசலுக்குக் கிட்ட, வேப்பமரத்தடியிலேயே இறக்கிவிட்டார்கள்.

முதல்நாள் பின்னேரம் யாரோ யானையின் காதில் தொங்கிப் பார்த்ததில் ஒரு தகடு கழன்று விழுந்தது. மேலதிகாரி தொலைபேசியில் என்னைத் திட்டினார். அடுத்தநாள் விடியவே எல்லாச் சிற்பங்களையும் சுற்றிச் சிவப்பு நைலோன் கயிறு கட்டி, ‘தொடாதீர்கள்’ என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அன்று மத்தியானம் ஒரு மணி தாண்டி அந்த அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் சோற்றுப் பெட்டி, மற்றக் கையில் எக்ஸ்ரே உறை. சிலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மிஸ், இந்த மடியில கொஞ்சம் இருக்கலாமோ?”

“ஏலாது அம்மா. எழுதியிருக்குதுதானே.”

“ஓம், வாசிச்சனான். எண்டாலும் கேட்டுப் பாப்பம் எண்டு.”

அவர் கயிற்றுக்கு வெளியே, வெறும் மண்ணில் குந்தினார். நான் என் கதிரையில் இருந்தபடி அவர் கயிற்றைத் தாண்டுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாளும் வந்தார், நாலாம் நாளும் வந்தார். ஒரு மணிக்கு வருவார், நாலரைக்கு எழும்பிப் போவார். ஏன் வருகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நிமிடம் போயிருக்கும்.

கடைசி நாள் நான் தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக்கொண்டு திரும்பி வருகிறேன், அவர் கயிற்றுக்குள்ளே இருக்கிறார். சிலையின் மடியில் ஏறி, அதன் மார்பில் தலையைச் சாய்த்து, வாய் திறந்தபடி நித்திரை.

ஐந்து நாள் வெயில், வீங்கின கால், மேலதிகாரியின் ஏச்சு எல்லாம் சேர்ந்து என் வாயால் வந்தது.

“எழும்புங்கோ! எத்தினை தரம் சொல்லுறது உங்களுக்கு? வயசுக்கேத்த மாதிரி நடக்கத் தெரியாதோ?”

பார்க்க வந்த பாடசாலைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா பதறி எழும்பினார். கயிற்றில் கால் தடுக்கி, விழாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ மிஸ். நிக்க ஏலாமப் போச்சு.”

எக்ஸ்ரே உறையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். அவருடைய முதுகைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் செய்தது சரி என்றுதான் நினைத்தேன்.

அரை மணித்தியாலம் கழித்துக் கட்டைபறிச்சான் பெண் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்தவர். நேரே தன் சிலைக்குப் போய் மட்டையை வாசித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“மிஸ், இந்தக் கயிறு ஆர் கட்டினது?”

“நான்தான். சனம் ஏறி இருந்தா உடைஞ்சிடும் எண்டு.”

“உடையாது. உள்ளுக்குக் கம்பி கிடக்கு. ஆக்கள் இருக்கிறதுக்கெண்டுதானே செய்தனான். விண்ணப்பத்தில எழுதினனானே, நீங்கள் பாக்கேல்லையா?”

கோப்பைத் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் பெயரும் தலைப்பும். அதை மட்டும்தான் நான் பார்த்து எழுதியிருந்தேன். பின்பக்கத்தில் உருட்டி உருட்டி அழகாக எழுதியிருந்தார்: ‘களைச்ச ஆக்கள் வந்து இருக்கிறதுக்குச் செய்தது. நிழலில் வைத்தாலே போதும்.’

அவர் கோபப்படவில்லை. தன்னுடைய அம்மா ஆசுபத்திரியில் இருந்தபோது இரண்டு மாதம் தினமும் வந்து போனதைச் சொன்னார். “மத்தியானம் நோயாளியைப் பாக்கிற நேரம் முடிஞ்சா வெளியில வரவேணும். பின்னேரம்தான் திரும்ப உள்ள விடுவினம். வீட்ட போய் வர ஏலாது. நிண்டு நிண்டு கால் செத்துப்போகும். அப்ப நினைச்சனான், ஆரேன் ஒரு மடி தந்தா எப்பிடி இருக்கும் எண்டு.”

ஒரு மணி, நாலரை மணி, சோற்றுப் பெட்டி, எக்ஸ்ரே உறை. எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தன. கயிற்றை அவிழ்க்கக்கூட நிற்காமல், திடலைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன்.

அந்த அம்மா அதிக தூரம் போயிருக்கவில்லை. ஆசுபத்திரி மதிலோரம் ஒரு கையால் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

“நான் இனி அங்கால வரமாட்டன் மிஸ். ஆரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ. என்ர மனுசனை இந்த ஆசுபத்திரி வாட்டிலதான் வைச்சிருக்கு.”

நான் முறைப்பாடு செய்ய வந்திருக்கிறேன் என்று பயந்துவிட்டார். அந்தப் பயத்தைப் பார்த்ததுதான் எனக்குத் தண்டனை. “பிழை என்னில அம்மா. அந்தச் சிலை இருக்கிறதுக்குத்தான் செய்தது. வாங்கோ” என்று எத்தனையோ தரம் சொன்ன பிறகு, அரை மனதோடு வந்தார். வருகிற வழியில், வெருகல் பக்கம் தன் ஊர் என்றும், இரண்டு பஸ் மாறி வருவதாகவும், கணவருக்கு நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டியிருப்பதாகவும் சொன்னார். நாலு நாளில் நான் கேட்டிருக்க வேண்டியதை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

நாங்கள் வரும்போது கயிறும் மட்டையும் அங்கே இல்லை. செய்த பெண் அவரைக் கையைப் பிடித்து ஏற்றினார். “அக்கா, நல்லாச் சாஞ்சு இருங்கோ” என்றார். அந்த அம்மா முதலில் என்னைப் பார்த்தார், பிறகுதான் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் நித்திரையாகிவிட்டார்.

நாலு மணிக்கு லொறி வந்தது. பாரமானதை முதலில் ஏற்ற வேண்டும் என்று சாரதி நின்றார். மற்றதை ஏற்றுங்கள் என்றேன். அவர் முணுமுணுத்தார். நான் அசையவில்லை. யானை போனது, ஆமை போனது, சுறா போனது. வெறுமையான திடலில் ஒரு சிலையும் அதன் மடியில் ஒரு மனுஷியும் மட்டும் மிஞ்சினார்கள். காவலுக்கு நாங்கள் இரண்டு பெண்கள்.

நாலரைக்குத் தானாகவே விழித்தார். நேரம் கேட்டார், சேலையை உதறிக்கொண்டார். “முதுகு நோவு கொஞ்சம் குறைஞ்ச மாதிரிக் கிடக்கு” என்று செய்த பெண்ணிடம் சொன்னார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அவருடைய கணவர் சுகமாகி வீட்டுக்குப் போனாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

சிலை இப்போது கட்டைபறிச்சானில் ஒரு பஸ் தரிப்பிடத்தில் இருக்கிறதாம். சந்தைக்குப் போகிறவர்கள் இருந்து இருந்து அதன் மடி இன்னும் மினுங்குகிறது என்று செய்தவர் ஒருமுறை தொலைபேசியில் சொன்னார்.

எனக்கு வேலை இன்னும் அதே வேலைதான், களைப்பும் குறையவில்லை, சில நாள்களில் வாயும் குறையவில்லை. யாரையாவது கடிந்து பேசிய பிறகு, எதிரில் நிற்பவர் என்னைவிடக் களைத்தவராக இருக்கலாம் என்ற நினைப்பு வருகிறது. அது பேசுவதற்கு முன்னாலேயே வர வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது எண்ணிக்கொள்கிறேன்.