முப்பத்தைந்தா, ஐம்பதா

என் கைபேசி தமிழில் பேசும்படி நானேதான் அமைத்து வைத்திருந்தேன். அதனால் அன்று மாலை அது என் கணவரிடம் சொன்னதையும் தமிழில்தான் சொன்னது.

கரமனையில் எங்கள் வீடு, தெருவிலுள்ள மற்ற வீடுகளைப் போலவே, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நீளமாக உள்ளே போகும். பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது. வாசலில் கொஞ்சம் வெளிச்சம், நடு முற்றத்தில் கொஞ்சம், மற்ற இடங்களில் பகலிலேயே விளக்கு. அன்று மழை விட்ட நேரம். முற்றத்துக் கம்பியில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்திருந்தது. ஆறு பக்கத்தில்தான் என்றாலும் வீட்டுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. அவர் மேஜைமேல் இருந்த என் கைபேசியை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் போதாது என்று அது தானாகவே இருட்டில் படமெடுக்கும் முறைக்குப் போய்விட்டது. திரையில் எழுத்து வந்தது: அசையாமல் பிடிக்கவும். அவர் இரண்டு கையாலும் பிடித்தார். மறுபடியும் அதே எழுத்து. தூணில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பிடித்தார். அதற்கும் அசையாமல் பிடிக்கவும். கைபேசியை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

"பறந்து போயிடுத்தா?" என்று அடுக்களையிலிருந்து கேட்டேன்.

"இல்லை. அங்கேயேதான் இருக்கு" என்றார்.

அவருக்குக் கை நடுக்கம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. டாக்டர் அதற்கு ஒரு நீளமான பெயர் சொன்னார். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் போகவும் போகாது, மாத்திரை கொஞ்சம் குறைக்கும் என்றார். சும்மா இருக்கும்போது கை சும்மா இருக்கும். எதையாவது எடுக்கப் போனால்தான் ஆட ஆரம்பிக்கும். காபியை டம்ளரில் பாதிக்குமேல் ஊற்றக்கூடாது என்று நான் பழகிக்கொண்டேன். சட்டைப் பொத்தானுக்கு ஒரு வழி, சவரத்துக்கு ஒரு வழி என்று அவரும் பழகிக்கொண்டார். கேமராவுக்கு மட்டும் வழி கண்டுபிடிக்கவில்லை.

எங்கள் வீட்டில் படமெடுப்பவர் எப்போதும் அவர்தான். பொன்முடிக்குப் போன அன்று, கொண்டையூசி வளைவுகளில் மகள் வாந்தியெடுத்து முகம் வெளுத்து நின்றதைக்கூட விடாமல் எடுத்தவர். ஃப்ளாஷ் போடவே மாட்டார். "இருக்கற வெளிச்சத்தை அடிச்சுத் துரத்தறதுக்கு நான் போலீஸாக்கும்?" என்பார். மகள் படிக்க வெளிநாடு போன வருடம் அவர் வாங்கிய கேமரா, அலமாரியில் காற்றுப்புகாத டப்பாவில் இருந்தது. படமெடுப்பதை விட்டதோடு அவர் பார்ப்பதையும் விட்டுவிட்டார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. முன்பெல்லாம் கடைக்குப் போனால், பஸ் கண்ணாடியில் வெயில் விழுகிறது என்று நடுவழியில் நிற்பார். நான் பையோடு நின்று திட்டுவேன். இப்போது என்னைவிட வேகமாக நேராக நடந்தார். எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கேமரா திரும்ப அவர் கைக்குப் போகவேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று தோன்றியது.

மகளிடம் சொன்னேன். "அப்பாக்கு புது ஃபோன் வாங்கி அனுப்பறேம்மா. அதுல ஆட்டமே தெரியாது" என்றாள்.

"உங்கப்பாவை அதட்டறதுக்கு வீட்டுல ஒரு ஃபோன் மதி, போறும்" என்று வைத்துவிட்டேன்.

டப்பாவைத் திறந்து பார்த்தேன். லென்ஸுக்குள் வெள்ளையாக, ஒட்டடை போல, பூஞ்சை. இந்த ஊர் ஈரத்தில் லென்ஸை அடிக்கடி வெளியே எடுத்து வெளிச்சம் காட்டாவிட்டால் அப்படித்தான் ஆகும். முன்பு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடைத்து வைப்பவர், இரண்டு வருடமாகத் திறக்கவே இல்லை போலிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் பாதி சந்தோஷம். புது லென்ஸ் வாங்க ஒரு காரணம் கிடைத்துவிட்டதே.

தம்பானூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் லென்ஸ் பற்றிப் படித்தேன். லென்ஸின் துவாரத்துக்கு ஓர் எண் கொடுக்கிறார்கள். எண் குறையக் குறைய துவாரம் பெரிதாம். எங்கள் அலுவலகத்தில் இப்படிக் கணக்கு எழுதினால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு அப்புறம் ஒத்துக்கொண்டேன். அவருடைய பழைய லென்ஸ், கிட்டே தூரே என்று இழுக்கக்கூடியது. வசதிதான். ஆனால் துவாரம் சிறியது. வீட்டுக்குள் வெளிச்சம் போதாமல் ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடும். அது திறந்திருக்கும் நேரமெல்லாம் கை ஆடினால் படமும் ஆடும். அந்த லென்ஸுக்குள்ளேயே ஆட்டத்தை அடக்கும் கருவி ஒன்று உண்டு. அது சாதாரண மனிதரின் ஆட்டத்துக்குச் செய்தது. அவருடையதற்கு அது போதவில்லை.

இழுக்க முடியாத, ஒரே தூரம் உள்ள லென்ஸ்கள் இருக்கின்றன. அந்த வகையில் 'ஒன்று புள்ளி எட்டு' என்ற துவாரம் மலிவாகவே கிடைக்கிறது. ஆட்டத்தை அடக்கும் கருவி அதில் இருக்காது. ஆனால் பல மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஷட்டர் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மூடிக்கொள்ளும். கை அடுத்த பக்கம் ஆடுவதற்குள் படம் முடிந்துவிடும். இது புரிந்தபோது என் நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது. இன்னும் பெரிய துவாரத்தில், ஒன்று புள்ளி நான்கு என்றும் உண்டு. விலை எக்கச்சக்கம். அந்தக் கொஞ்ச வெளிச்சத்துக்கு அவ்வளவு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

மிச்சமிருந்த கேள்வி, அந்த ஒரே தூரம் முப்பத்தைந்து மில்லிமீட்டரா ஐம்பதா என்பது. எண் கூடினால் கிட்டே இழுத்துக் காட்டும், குறைந்தால் அகலமாகக் காட்டும். காணொளிகளில் பேசுகிறவர்கள் எல்லாரும் ஐம்பதுக்கே கை தூக்கினார்கள். மலிவு, முகம் அழகாக வரும், பின்னணி கரைந்துவிடும். அவர்கள் யாரும் எங்கள் தெருவில் குடியிருக்கவில்லை. அவர் கோயிலுக்குப் போயிருந்தபோது, பூஞ்சை பிடித்த லென்ஸையே கேமராவில் மாட்டி, இழுக்கும் வளையத்தை ஐம்பதில் வைத்து டேப் ஒட்டினேன். சாப்பாட்டு மேஜையில் அவர் உட்காருமிடத்திலிருந்து பார்த்தால், எதிரே என் நாற்காலி முதுகின் ஒரு பகுதிதான் தெரிந்தது. பின்னால் போகலாம் என்றால் சுவர் இடித்தது. அந்தச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டு அடுக்களை. முப்பத்தைந்தில் ஒட்டிப் பார்த்தேன். நாற்காலி, மேஜை, தட்டு வைக்குமிடம் எல்லாம் வந்தன. இன்னொன்றும் படித்திருந்தேன். தூரத்தை அதிகமாக இழுக்கும் லென்ஸ் ஆட்டத்தையும் அதிகமாகக் காட்டும். அவர் செருப்புச் சத்தம் கேட்டது. டேப்பைப் பிய்த்துவிட்டு எல்லாவற்றையும் டப்பாவில் போட்டேன்.

கடைக்கு அவரைக் கூப்பிட்டேன். "உனக்கு எதுக்கு லென்ஸ்?" என்றார்.

"நான் படம் எடுக்கக் கத்துக்கப் போறேன்."

"உனக்கு பஸ்ல ஜன்னலோர சீட் கிடைச்சாலே வெளியே பாக்க மாட்டியே" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்தார்.

தனியாகத்தான் போனேன், கேமராவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு. தம்பானூரிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கடை. கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்ற விற்பனைப் பெண், "ஃபிஃப்டி மதி சேச்சி. எல்லாரும் அதல்லே வாங்கறது" என்றாள்.

"ரெண்டையும் எடும்மா. அந்த விளக்கை எல்லாம் அணைச்சுட்டு ஒண்ணே ஒண்ணை மட்டும் விடு."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டு அணைத்தாள். ஐம்பதை மாட்டிக் கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்துக் கேமராவைத் தூக்கிப் பிடித்து, அவர் கையை நினைத்துக்கொண்டு என் கையை ஆட்டினேன். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தூக்கும்போது மெதுவாக ஆரம்பிக்கும், முகத்துக்குக் கிட்டே வரும்போது வேகம் கூடும், வலது கை இடதைவிட அதிகம். இரண்டு வருடமாக எதிரே உட்கார்ந்து பார்த்தது அப்படியே என் மணிக்கட்டில் வந்து நின்றது.

"சேச்சிக்கு சுகமில்லையோ?" அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்லை. ஆத்துக்காரருக்கு" என்றேன். கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, விளக்கை அணைத்திருந்தாள்.

அந்தப் பெண் தானே ஷட்டர் வேகத்தைக் கூட்டி வைத்தாள், லென்ஸை மாற்றினாள், மறுபடி மறுபடி என் எதிரே அசையாமல் நின்றாள். ஐம்பதில் அவள் முகம் பாதி படத்தின் சட்டத்துக்கு வெளியே ஓடியது. முப்பத்தைந்தில் சட்டத்துக்குள் நின்றது. படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். பத்தில் சில படங்கள் கலங்கியிருந்தன. மற்றவற்றில் அவள் புருவத்து முடி தனித்தனியாகத் தெரிந்தது. முப்பத்தைந்து ஐம்பதைவிடக் கொஞ்சம் விலை கூடத்தான். பேரம் பேசாமல் வாங்கினேன். என்னை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

வீட்டில் பெட்டியை மேஜைமேல் அவர் கண்ணில் படும்படி வைத்தேன். அவர் தொடவில்லை. சரி, நான் கற்றுக்கொள்ளத்தானே வாங்கினேன் என்று, ராத்திரி அவர் தோசை சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து எடுக்க ஆரம்பித்தேன். வேண்டுமென்றே மோசமாக எடுத்து அவருக்கு ரோஷம் வரவழைக்கலாம் என்று திட்டம். நடிக்கத் தேவையே இருக்கவில்லை. முதல் படத்தில் தேங்காய்ச் சட்னி மட்டும் பளிச்சென்று விழுந்தது, அதற்குப் பின்னால் புகை மாதிரி ஒருவர். அடுத்ததில் சட்னியும் இல்லை.

நான்கைந்து நாள் பொறுத்தார். அப்புறம் தனக்குச் சம்பந்தமில்லாத மாதிரி இருந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தார். "துவாரத்தை முழுசாத் தொறந்தா விரலளவு ஆழம்தான் தெளிவா வரும். கண்ணைப் பாத்து ஃபோகஸ் பண்ணணும், சட்னியைப் பாத்து இல்லை." இன்னொரு நாள், "எதுக்கு மூச்சிரைக்க அமுக்கறாய், காலிங் பெல்லாக்கும்?" ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நான் முற்றத்தில் வைத்த குத்துவிளக்கை எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "குடு இங்கே" என்று என் கையிலிருந்து பிடுங்கினார்.

பிடுங்கியவுடன் கை ஆட ஆரம்பித்தது. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"போய் நாற்காலில உக்காரு" என்றார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். மேலே ஒரே ஒரு விளக்கு. கேமரா வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னேன். மாட்டிக்கொள்ளவில்லை. கேமரா முகத்துக்கு ஏற ஏற, கடையில் நான் செய்தது போலவே வேகம் கூடியது. டப் டப்பென்று மேஜை விளிம்பைத் தட்டியது அவர் முழங்கை. ஷட்டர் சத்தம் கேட்டது. தொடர்ந்து பல தடவை கேட்டது.

கீழே இறக்கித் திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் எழுந்து அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன். எல்லாப் படத்திலும் என் முகம் கலங்கியிருந்தது. லென்ஸ் மேல் கோபம் வந்தது, அந்தக் காணொளிக்காரர்கள் மேல் கோபம் வந்தது, அந்தக் கடைப் பெண்மேல்கூட வந்தது.

"படம் சரியாத்தான் விழுந்திருக்கு" என்றார். "இதைப் பாரு."

பெரிதாக்கிக் காட்டினார். என் முகத்துக்கு முன்னால், மேஜைக்குக் குறுக்கே, ஒரு கை நீண்டிருந்தது. ரேகை தெரிந்தது. வளையலில் இருந்த கீறல் தெரிந்தது. தேங்காய் துருவும்போது கட்டைவிரலில் பட்ட காயம் தெரிந்தது. கிட்டே இருப்பதை லென்ஸ் பிடித்துக்கொண்டுவிட்டது. அடுத்த படத்திலும் அந்தக் கை. அதற்கடுத்ததிலும். கேமரா விழுவதற்கு முன்பே பிடிக்கத் தயாராக விரல்களை விரித்து வைத்த என் கை. நான் நீட்டியது எனக்கே தெரியாது. காபிக்கும் இப்படித்தான் நீட்டுவேன் போலிருக்கிறது. படியிறங்கும்போதும், அவர் பேனாவை எடுக்கும்போதும்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"நான் ஆடறது போகட்டும், அதை இந்த லென்ஸ் பாத்துக்கறது" என்றார். "நீ ஆடாம உக்காரு."

"கீழே விழுந்தா?"

"விழட்டும்."

திரும்பப் போய் உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்தேன். அது மடியில் இருக்காது என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அவர் கேமராவைத் தூக்கினார். அது மேலே போனது, பக்கவாட்டில் போனது, ஒரு தடவை கையிலிருந்து நழுவுகிறது என்றே தோன்றியது. நான் எழவில்லை. ஷட்டர் சத்தம் கேட்டது. அப்படியே இருந்தேன்.

"படம் எடுத்தாச்சு" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இனிமே மூச்சு விடலாம்."