ஆந்தைக்கு ஒரு படுக்கை

பஸ் டிப்போவில் அவருக்கு ஆந்தை என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ விளையாட்டாகச் சொன்னது, அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. தொலைதூர ராத்திரி வண்டி தவிர வேறெதையும் ஓட்டமாட்டார். பகல் வண்டி தருகிறோம் என்று மேலாளரே கூப்பிட்டுச் சொன்னபோதும், "பகல்ல ரோடு பூரா ஆளுங்க சார். ராத்திரின்னா ரோடும் நானும்தான், சண்டை சச்சரவு கிடையாது" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். வண்டி நிறைய ஜனம் வாயைப் பிளந்துகொண்டு தூங்கும். இவர் மட்டும் முழித்திருப்பார்.

அவர் மனைவி திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை பார்த்தாள். அவர் வீடு வந்து படுக்கும் நேரம் அவள் கிளம்பும் நேரம். வாசலில் சாவியைக் கைமாற்றிக்கொள்வதோடு சரி. "நாம எங்க குடும்பம் நடத்தறோம், ஷிஃப்ட்டுல்ல நடத்தறோம்" என்பாள். அவரும் சிரிப்பார். ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டியது எவ்வளவோ இருக்கிறது என்று இருவருமே நினைத்திருந்தார்கள்.

ஓய்வுக்கு முன்னாலேயே கை முந்திக்கொண்டது. முதலில் கியர் போடுகிற கை சொன்னபடி கேட்கவில்லை. அப்புறம் டீ கிளாஸ் நழுவியது, செருப்பு நழுவியது, கடைசியில் பேச்சும் குழறியது. குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று டிப்போவில் புகார் எழுந்ததுதான் அவரை அறுத்துப்போட்டது. வாழ்நாளில் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர். நரம்பு நோய் என்று உள்ளூர் டாக்டர் சொன்னார். தொலைவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே இதற்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார், ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்றார். அதைச் சொல்லும்போது டாக்டர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்ததை மனைவி கவனித்தாள்.

பஸ்ஸில் கூட்டிப்போக முடியாது. ராத்திரி ரயில்தான். மகள் செல்போன் கடையில் வேலை செய்பவள். விரலைத் தேய்த்துத் தேய்த்து இரண்டு உயர்தர வண்டிகளைக் கண்டுபிடித்தாள்.

"அப்பா, இது புது வண்டி. பறக்குது. விடியறதுக்குள்ள கொண்டுபோய் விட்டுடுவான். மெத்தையெல்லாம் பஞ்சு மாதிரி. ஆனா படுக்கைக்குத் திரைதான், கதவு கிடையாது. அந்த இன்னொண்ணு பழைய வண்டி. மெதுவா போகும். ஆனா ரெண்டு பேருக்குத் தனி அறை. உள்ளயே வாஷ்பேசின். சாப்பாடு, காலைல காபி எல்லாம் கையில கொண்டுவந்து குடுப்பான்."

அவர் பழைய வண்டியின் படத்தின்மேல் விரலை வைத்தார். விரலை அந்த இடத்துக்குக் கொண்டுவரவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஏங்க, புதுசு சீக்கிரம் போயிடுமே?"

"சீக்கிரம் போய் என்ன பண்ணப் போறேன்?" குழறலாக இருந்தாலும் வீட்டாருக்குப் புரிந்தது. "வேற எவனாவது ஓட்டணும். நான் கதவச் சாத்திட்டு, கால நீட்டிப் படுக்கணும். ஒரே ஒரு தடவ."

அதிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். மகள் புது வண்டிக்குக் கொடி பிடித்தாள். அப்பா பழைய வண்டிக்கு ஒற்றைக் காலில் நின்றார். எந்தப் பக்கம் ஜன்னல், போர்வை கம்பளியா பருத்தியா, வளைவுகளில் எந்த வண்டி அதிகம் குலுக்கும் என்று சாப்பாட்டு நேரமெல்லாம் அதிலேயே போனது. நோயைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற வீடு மாதிரி இருக்கிறதே என்று மனைவிக்குத் தோன்றியது. சிரிப்பும் வந்தது.

அவளுடைய கவலை வேறு. ஒருநாள் மதியம் கடையில் சொல்லிவிட்டு நேரே ரயில் நிலையத்துக்குப் போனாள். இரண்டு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுத்தம் செய்ய நிற்கிற நேரம் அது. பழைய வண்டியில் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே ஏறி, கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து பாத்ரூம் கதவை அளந்தாள்.

"எல்லாரும் மெத்தைய அமுக்கிப் பாப்பாங்க. நீங்க என்னக்கா பாத்ரூம அளக்குறீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"நானும் அவரும் சேந்து உள்ள நிக்கணும்மா. அவரால தனியா நிக்க முடியாது."

அந்தப் பெண் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தானே உள்ளே போய் நின்று காட்டினாள். இருவரும் நெஞ்சோடு நெஞ்சு இடித்துக்கொண்டு நின்றார்கள், திரும்ப இடமில்லை. புது வண்டியில் பாத்ரூம் விசாலமாக இருந்தது, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருந்தது. அங்கிருந்த படுக்கைத் திரையையும் பழக்க தோஷத்தில் தொட்டுப் பார்த்தாள். நல்ல துணி, ஆனால் காற்றுக்கே விலகியது. அவருக்கு உடை மாற்றும்போது வழியில் போகிற ஒவ்வொருவரும் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் பழைய வண்டிக்கே எடுக்கச் சொன்னாள்.

"அம்மா, பாத்ரூம்?"

"ஒண்ணுக்குப் போக பாட்டில் இருக்குல்ல. கதவச் சாத்திட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

டிக்கெட் எடுத்த பிறகு அவர் முகத்தில் கொஞ்ச நாள் களை இருந்தது. அப்புறம், படுத்தால் மூச்சு முட்டத் தொடங்கியது. ஒரு தலையணை இரண்டானது. பிறகு தலையணைகளே பயன்படாமல் நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கினார். டிக்கெட்டை ரத்து செய்துவிடலாமா என்று மகள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவர் கோபமாகத் தலையை ஆட்டினார்.

கிளம்பிய அன்று மாலை அந்த அறை உண்மையிலேயே படத்தில் இருந்தபடி இருந்தது. பணியாள் வெள்ளை விரிப்பைச் சுருக்கமில்லாமல் விரித்து, "ஐயாவுக்குக் கீழ் படுக்கைதானே?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவள் கதவைச் சாத்தினாள். அவர் படுக்கையைக் காட்டினார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கால்களைத் தூக்கி நீட்டிவிட்டாள். வண்டி நகர்ந்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு அரும்பியது. நடைமேடை முடிவதற்குள் முகம் கறுத்து, வாய் மீனைப்போலத் திறந்து மூடியது. அள்ளித் தூக்கி உட்காரவைத்தாள்.

மூச்சு சீரானதும் அவர் சொன்ன ஒரே வார்த்தை, "போதும்."

விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அவளும் படுக்கவில்லை. காலையில் காபி கொண்டுவந்த பணியாள் மடிப்புக் கலையாத மேல் படுக்கையையும் கீழே உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்து, "ஏம்மா, வசதி பத்தலையா?" என்று கேட்டான்.

"எல்லாம் நல்லாருந்துச்சு தம்பி" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் இளம்பெண். பொறுமையாகத் தட்டிப் பார்த்தாள், ஊசிகளால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மனைவியை மட்டும் வெளியே கூப்பிடாமல், இருவரையும் பார்த்தே சொன்னாள். "இதுக்கு மருந்து கிடையாதும்மா. உங்க டாக்டர் சொன்னது சரிதான். மூச்சுக்கு மாஸ்க் வச்சு ஒரு மெஷின் இருக்கு, அது கொஞ்ச நாள் உதவும். உங்க ஊர் ஆஸ்பத்திரியில எழுதிக் கேளுங்க."

"படுக்க முடியுமா?" என்று அவர் கேட்டார். டாக்டருக்குப் புரியவில்லை. மனைவி திருப்பிச் சொன்னாள்.

"கொஞ்சம் சாய்ஞ்சு படுக்கலாம்" என்றாள் டாக்டர். சொல்லிவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

வெளியே வந்ததும் மகள் ஊரிலிருந்து போனில் கேட்டாள்: "அம்மா, திரும்பறதுக்கு எந்த வண்டி போடட்டும்?"

"எது மொதல்ல வருதோ அது."

வந்தது ஒரு சாதாரணப் பகல் வண்டி. மரப்பலகை மாதிரி இருக்கை, ஒரே இரைச்சல், எதிரில் ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. அவர் அவள் தோளில் தலையைப் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்தார். கை மரத்துப்போனாலும் அவள் அசையவில்லை.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் மெஷினுக்காக அவர் பெயரை எழுதிக்கொண்டார்கள். முறை வந்தால் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. ஒருநாள் மதியம் அவள் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது, அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்றெண்ணி, சத்தம் போடாமல் அடுப்படிக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்து எடுத்து வந்தாள். ஊட்டுவதற்காக முகத்தைத் தொட்டபோதுதான் அது சில்லிட்டிருப்பது தெரிந்தது.