அப்பா இறங்காத மைதானம்

மெல்பர்னிலிருந்து என் நாத்தனார் அனுப்பும் வீடியோக்களை மின்சாரம் இருக்கும் நேரத்தில்தான் பார்க்க முடிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை காலை விளக்கு எரிந்ததும் முதல் வேலையாகப் போனை எடுத்தேன். பதின்மூன்று வயதாகும் என் மகன் அவள் வீட்டில் தங்கிப் படிக்கிறான். இங்கே பர்மாவில் ஆண் பிள்ளைகள் வளர வளர, பட்டாளத்துக்குப் பிடித்துப் போய்விடுவார்களோ என்று பெற்றவர்களுக்குப் பயமும் கூடவே வளர்கிறது. அதனால் அனுப்பினோம். அனுப்பிய பிறகு பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன்.

வீடியோவில் பெரிய மைதானம் ஒன்று. பெரியவர்கள் ஆடும் ஆட்டத்தின் இடைவேளையில் சின்னப் பிள்ளைகளை இறக்கிக் கொஞ்ச நேரம் விளையாட விடுகிறார்கள். அந்த நாட்டுக் கால்பந்து வேறு மாதிரி. பந்து முட்டை வடிவத்தில் இருக்கிறது. கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், தூக்கிக்கொண்டு ஓடினால் நடுநடுவே தரையில் தட்டி எடுக்க வேண்டும். முட்டைப் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு சிறுமி எதிராளியின் முதுகில் முழங்காலை ஊன்றி எழும்பிப் பந்தை ஆகாயத்திலிருந்து பறித்தாள். அது என் மகனிடம் வந்தது. அவன் இருவருக்கு நடுவே நுழைந்து, தட்டி, எடுத்து, மறுபடியும் தட்டி ஓடினான். இங்கே மாடிப்படியில் தடுக்கி விழுந்துகொண்டிருந்த பிள்ளை அவன்.

போனுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்டது பதிவாகியிருந்தது. வேகமாக ஓடுகிறானே, அவன் உங்கள் மகனா? நாத்தனார், ஆமாம், என் மகன்தான் என்றாள்.

அவள் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தில் நின்றுகொண்டு முழுக் கதையையும் யார் சொல்வார்? ஆனாலும் அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கணவர் ஊருக்கு வெளியே ஷ்வேப்யிதாவில் ஆலை வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் சொல்லி ஆற ஆளில்லை. அன்று முழுவதும் எனக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்தது மகன் அல்ல, என் அண்ணன்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த காலம். அப்போதும் நாங்கள் இதே பபேடான் பேட்டையில்தான் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகக் கிட்டங்கியில் வேலை. அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர் உண்டு. வீட்டிலும் கோயிலிலும் ஒன்று, பள்ளிக்கூடத்துக்குப் பர்மியப் பெயர் ஒன்று. வீட்டில் அண்ணனுக்கு முருகன் பெயர். பள்ளியில் அவன் மின் ஊ. தெருவில் பந்து உதைக்கும்போது யார் எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். பந்து காலில் இருக்கும்போது அவனுக்குக் காது கேட்காது.

அந்தக் கோடையில் விளையாட்டு விடுதி ஒன்றுக்குச் சிறுவர்களைத் தேர்வு செய்துகொண்டிருந்தார்கள். சேர்ந்துவிட்டால் சாப்பாடு, படிப்பு, பிற்பாடு ஏதாவதோர் இலாகா அணியில் இடம், அதோடு வேலை. ரயிலடிக்குப் பக்கத்து மைதானத்தில் பெரிய அணிகள் ஆடும் ஆட்டத்தின் இடைவேளையில் பள்ளிச் சிறுவர்களை ஆட விட்டு, அதைப் பார்த்து ஆள் எடுப்பதாக ஏற்பாடு. அண்ணனின் பெயரும் வந்திருந்தது.

அப்பா உடனே வேண்டிக்கொண்டார். பையனை விடுதியில் எடுத்துக்கொண்டால் தீ மிதிப்பதாக வேண்டுதல். மாரியம்மன் கோயில் திருவிழாவும் அந்தச் சமயம் நெருங்கியிருந்தது. கையில் காப்புக் கட்டிக்கொண்டு, மஞ்சள் வேட்டியும் முகம் நிறைய தாடியுமாக, செருப்பில்லாமல் நடந்தார். நெற்றியில் திருநீறு காயவே விடமாட்டார். அந்த நாட்களில் அவரைப் பார்த்தால் எனக்கே யாரோ போலிருக்கும்.

ஆட்டத்துக்குப் புறப்படும்போது அம்மா மட்டும் சொன்னாள்.

"அந்த மஞ்ச வேட்டியோடவா போறீங்க? மேல ஒரு லுங்கியச் சுத்திக்கிட்டுப் போனா என்ன?"

"காப்புக் கட்டிட்டு வேஷம் மாத்தச் சொல்றியா? நான் மேல ஒக்காந்து பாக்கத்தானே போறேன். என்னை யாரு பாக்கப் போறா?"

காப்புக் கட்டிய வீட்டில் விளக்கு அணையக் கூடாது என்று அம்மா வரவில்லை. எங்களோடு வந்தது டோ ம்யா. எங்கள் சந்து முனையில் மொஹிங்கா விற்கும் பர்மியப் பெண்மணி. விடியற்காலையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அண்ணனை மறித்து, மீன்குழம்பு ஊற்றிய அந்தச் சேமியாவை ஒரு கிண்ணம் தின்னவைத்துத்தான் விடுவார். எங்களுக்கு நடுவிலேயே வாழ்ந்ததில் தமிழ் பேச வந்துவிட்டது. அவர் பேச்சில் மனிதர், மாடு, மழை எல்லாம் அஃறிணைதான்.

"என் சோறு தின்னுது, நான் பாக்க வேணாமா?" என்று கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, நல்ல உடுப்பாக உடுத்தி முன்னால் நடந்தார்.

மைதானம் ஆண்களால் நிறைந்திருந்தது. வெற்றிலைச் சாறு துப்புவதும் சூரியகாந்தி விதை கொறிப்பதுமாக இருந்தார்கள். என் வயதில் ஒரு பெண் குழந்தையும் கண்ணில் படவில்லை. அப்பாவுக்கும் டோ ம்யாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். மந்திரம் சொல்வதுபோல அப்பாவின் உதடு மட்டும் அசைந்தது. பெரியவர்களின் ஆட்டம் எனக்குப் புரியவில்லை. எல்லோரும் எழும்போது எழுந்தேன், உட்காரும்போது உட்கார்ந்தேன்.

இடைவேளை விசில் ஊதியதும் சிறுவர்கள் இறங்கினார்கள். இரவல் பனியன்கள் அவர்களின் முழங்கால்வரை தொங்கின. கூட்டம் முதலில் சிரித்தது. பாதிப் பேர் சாப்பிட எழுந்தார்கள். பிறகு எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

அண்ணன் பந்தோடு ஓடவில்லை, பந்துதான் அவனோடு ஓடியது என்று தோன்றியது. எதிரே வருகிறவனுக்கு வலது பக்கத்தைக் காட்டிவிட்டு இடது பக்கமாகப் போனான். அந்தப் பையன் காலியாக இருந்த இடத்தை உதைத்துவிட்டு உட்கார்ந்தான். இன்னொருவன் பனியனைப் பிடித்து இழுத்தான். பனியன் பெரிதாக இருந்ததால் இழுத்தவன் கையில் துணிதான் நீண்டது, அண்ணன் போய்விட்டான். வலை அசைந்தது. டோ ம்யா என் தொடையில் ஓங்கி அடித்தார்.

"பாரு, நம்ம தம்பி. நாய் தொரத்துது மாதிரி ஓடுது."

எங்களுக்கு முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் பர்மிய மொழியில் பேசிக்கொண்டார்கள்.

"யாருடா அந்தக் கறுப்புப் பொடியன்?"

"கலாப் பயலா இருக்கும். கொக்குக்கால் பாரு."

கலா என்பது இந்திய வம்சாவளியினரான எங்களைப் போன்றவர்களுக்கு இங்கே உள்ள பெயர். கொஞ்சுவது போலவும் சொல்வார்கள், அறைவது போலவும் சொல்வார்கள்.

"மின் ஊன்னு பேரு சொன்னாங்களே. நம்ம பையன்தான். வெயில்ல அலைஞ்சு கறுத்திருக்கான்."

"நம்ம பையனா இருந்தா சரி. கலான்னு தெரிஞ்சா விடுதியில எடுக்க மாட்டாங்க."

"எடுத்தாலும் தண்ணி தூக்கத்தான் விடுவாங்க."

சிரித்துக்கொண்டே ஒருவர் பின்னால் திரும்பினார். அப்பாவின் மஞ்சள் வேட்டியையும் தாடியையும் பார்த்தார். "என்ன பெரியவரே, சாமி இன்னைக்கு உமக்கு லீவு குடுத்திட்டாரா?" என்று விதைப் பொட்டலத்தை நீட்டினார். கெட்ட மனிதர் இல்லை. அப்பா புன்னகைத்து, வேண்டாம் என்று தலையசைத்தார். அது என் அண்ணன் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

சிறுவர்களின் ஆட்டம் முடிந்தது. கோட்டுக்கு அருகில் மேசை போட்டிருந்த அதிகாரிகள் குனிந்து பேசினார்கள். ஒலிபெருக்கி கரகரத்தது. மின் ஊவின் பெற்றோர் வந்திருந்தால் கீழே வரவும்.

நான் துள்ளி எழுந்தேன். அப்பா எழவில்லை. பள்ளிப் பெயர் அவருக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன். அண்ணனை நாங்கள் வீட்டில் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லையே.

"அப்பா, நம்மளத்தான் கூப்பிடுறாங்க."

"ஒக்காரு."

ஒலிபெருக்கி மறுபடியும் அழைத்தது. கீழே அண்ணன் தனியாக நின்று கூட்டத்தில் வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டிருந்தான். அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். பிறகு டோ ம்யாவின் பக்கம் சாய்ந்து, மெதுவாக, தமிழில் பேசினார்.

"அக்கா, நீங்க போங்க."

"நானா? நான் போயி என்ன பேசுது?"

"ஒண்ணும் பேச வேணாம். பக்கத்துல நில்லுங்க. கேட்டா அம்மான்னு சொல்லுங்க."

டோ ம்யா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். முன்வரிசைக்காரர்களின் முதுகைப் பார்த்தார். எழுந்து இடுப்புத் துணியை இறுக்கிச் செருகி, கொண்டையைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினார். முன்வரிசைக்காரர் மற்றவரை இடித்து, "சொன்னேன் பாத்தியா, நம்ம பையன்தான்" என்றார்.

அதிகாரி டோ ம்யாவுக்குத் தலை தாழ்த்தி வணக்கம் சொன்னார். டோ ம்யா அண்ணனின் தோளில் கை வைத்தார். அண்ணன் அந்தக் கையைப் பார்த்தான், பிறகு அவர் முகத்தைப் பார்த்தான், பிறகு எங்கள் பக்கம் பார்த்தான். யாரோ புகைப்படம் எடுத்தார்கள். நான் பலகை மேல் ஏறி நின்று, "அண்ணா" என்று கத்தப் போனேன். முதல் எழுத்து மட்டும் வெளியே வந்தது. அப்பா என்னை இழுத்து மடியில் இருத்தி வாயைப் பொத்தினார். உள்ளங்கையில் மஞ்சளும் திருநீறும் மணந்தன. அது நடுங்கியது. விரதத்தில் சாப்பிடாததால் நடுங்குகிறது என்று நினைத்தேன்.

இரண்டாம் பாதி தொடங்கும் முன்பே நாங்கள் வெளியே வந்துவிட்டோம். அண்ணனுக்காகக் காத்திருக்கவில்லை. தார் உருகிக் கிடந்த சாலையில் அப்பா வெறுங்காலோடு வேகமாக நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"நீங்க ஏன் போகல?"

"காப்புக் கட்டியிருக்கேன்ல."

காப்புக் கட்டியவர்கள் பந்து மைதானத்தில் இறங்கக் கூடாது போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் பெரியவர்கள் சொல்லும் கட்டுப்பாடுகளுக்குக் காரணம் கேட்பதில்லை. அடுத்த நாள் தெருவில் என் தோழியிடம் அதை ஒரு சாஸ்திரமாகவே சொன்னேன்.

சாயங்காலம் டோ ம்யாவோடு சைக்கிள் ரிக்‌ஷாவில் அண்ணன் வந்து இறங்கினான். அவனை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அம்மா அழுதாள். டோ ம்யா எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, "எனக்கு வலி இல்லாம ஒரு புள்ள பொறந்துது" என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் அப்பாவின் முன்னால் போய் நின்றான்.

"கூப்பிட்டது கேக்கலியா?"

"கூட்டத்துல ஒண்ணும் கேக்கல" என்றார் அப்பா. "வெயிலு வேற."

கேட்டது என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் பேசாமல் இருந்தேன். அண்ணன் வேறு எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அப்பா இருந்த காலம் முழுக்க இருவருக்கும் நடுவில் அந்தப் பதில் அப்படியே கிடந்தது. அண்ணன் பெரிய அணிகளுக்கு ஆடினான், மாண்டலேயில் வேலையும் குடும்பமுமாக இருக்கிறான். பிள்ளைகளுக்கு ஒரே பெயர்தான் வைத்திருக்கிறான். தமிழ்ப் பெயர் அல்ல.

விடுதி திறந்த நாள் தீமிதிக்கு முன்பே வந்துவிட்டது. தகரப் பெட்டியைச் சந்து முனை வரைக்கும் அப்பா தூக்கி வந்தார். அதற்கு மேல் டோ ம்யா வாங்கிக்கொண்டார். அண்ணன் போன பிறகு எனக்குத் தெருவில் பந்து பொறுக்கிப் போடும் வேலைகூட இல்லாமல் போயிற்று. மாலை நேரங்களில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். டோ ம்யாவையும் எனக்குப் பிடிக்காமல் போனது. அவர் கொடுத்த கிண்ணத்தை ஒரு நாள் தொடாமல் திருப்பி அனுப்பினேன்.

தீமிதி அன்று கோயிலுக்கு முன்னால் குழி நிறையத் தணல் சிவந்து கிடந்தது. மஞ்சள் உடுத்தியவர்கள் வரிசையில் நின்றார்கள். சில தகப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் தூக்கியிருந்தார்கள். அப்பாவின் தோள் காலியாக இருந்தது. "என்னைத் தூக்கிக்கங்க" என்று அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அப்பா குனிந்து என் கையை விடுவித்தார்.

"இது அவனுக்கு வேண்டிக்கிட்டது."

அம்மா என்னை இழுத்து நிறுத்திக்கொண்டாள். பறை முழங்கியது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோரும் ஓடினார்கள். ஓடிப்போய் மறுபக்கத்துப் பால்குழியில் குதித்தார்கள். அப்படி ஓடியவர்களுக்கும் கொப்புளம் வந்தது என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

அப்பா ஓடவில்லை. சாலையில் நடப்பது போல, அதைவிடவும் மெதுவாக, ஓரடி வைத்து அடுத்த அடி யோசிப்பது போல நடந்தார். கூட்டத்தில் பெண்கள் கத்தினார்கள். கரையில் நின்ற பூசாரி, "ஓடுங்க, ஓடுங்க" என்று கையை வீசினார். அம்மா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது. அப்பா நடுக்குழியில் ஒரு கணம் நின்றார் என்றுகூட எனக்கு ஞாபகம்.

என் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அது எங்கப்பா" என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னேன். யாரும் என் வாயைப் பொத்தவில்லை. அப்பாவுக்குச் சுடவே இல்லை என்று திருவிழா முடியும்வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.