சாக்பீஸ் பிடித்த சுவர்

கொத்தனாருக்குக் கைதான் பேசும். சுவரை ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். இருபத்தெட்டு வருஷ அனுபவம். ஆனால் அவரை மேஸ்திரியாக வைத்திருந்த கம்பெனிக்காரனுக்கு அது போதவில்லை. மேஸ்திரிகள் இனி வேலை ஃபாரத்தை இங்கிலீஷில் எழுத வேண்டுமாம். அதற்கு ஒரு தேர்வாம். படத்தைக் காட்டுவார்கள், என்ன வேலை செய்ய வேண்டும் என்று ஒரே சொல்லில் சொல்ல வேண்டும். மூன்று முறை தோற்றால் மேஸ்திரி வேலை போய்விடும்.

எல்லாவற்றுக்கும் ‘ரிப்பேர்’ என்றே சொல்லிப் பழகிய மனுஷன் இரண்டு முறை தோற்றார்.

மனைவி விடவில்லை. சாக்பீஸை எடுத்தாள். உளுத்த கதவில் ரீப்ளேஸ், சொட்டும் குழாயில் டைட்டன், பொரிந்துபோன சமையலறைச் சுவரில், சுரண்டுவதற்கு ஸ்கிரேப் என்று எழுதினாள். ஊரார் வீட்டையெல்லாம் சரிசெய்தவர் வீட்டில் எழுத இடத்துக்கா பஞ்சம்? “படிச்சதுல ஒண்ணையாவது செஞ்சும் குடுங்க” என்று சிரித்தாள்.

மூன்றாம் தேர்வில் ஈரச் சுவர் படம் வந்தது. அவர் கண்முன் சமையலறை வந்தது, அவளுடைய கோணல் எழுத்து வந்தது, சொல் மட்டும் வரவில்லை. கையால் காற்றைச் சுரண்டிக் காட்டினார். கேட்டவர் தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. கடைசியில் ரிப்பேர் என்றார்.

மேஸ்திரி வேலை தேர்வில் தேறிய மச்சினனுக்குப் போனது. கொத்துக் கரண்டி பிடிக்கத் தெரியாது அவனுக்கு. ஆனாலும் வாயுள்ள பிள்ளை பிழைக்கும் அல்லவா? முதல் வேலையே ஈரம் ஊறிய ஒரு படுக்கையறைச் சுவர். அவன் ஃபாரத்தில் பெயின்ட் என்று எழுதியிருந்தான்.

இப்போது அவனுக்குக் கீழே வேலை பார்க்கும் கொத்தனார் சுவரைத் தட்டினார். “மாப்ள, சுரண்டாம அடிச்சா மூணு மாசத்துல உரிஞ்சிடும்.”

“தெரியுது மாமா. எழுதிக் குடுத்தாச்சு. இப்ப மாத்தினா எனக்குத் தெரியலன்னு ஆயிடும்.”

அந்த நேரம் பார்த்து அந்தச் சொல் வந்தது. “ஸ்கிரேப்” என்றார், திருத்தமாக. மச்சினன் தலையை ஆட்டிவிட்டு பிரஷை நீட்டினான்.

அதை வாங்கி அடித்தார். வீணாய்ப் போகிற வேலையைக்கூட அரைகுறையாகச் செய்ய அவருக்குத் தெரியாது. கோடு விழாமல், திட்டு விழாமல் அடித்தார். நாளை அது உரியும்போது எழுதியவனை யாரும் கேட்கப் போவதில்லை. அடித்தது யார் என்றுதான் கேட்பார்கள்.