கோடு நேராய்ப் போன நாள்

"...இதோ, நேரா தானே போய்க்கினு கீது? மெக்கானிக்கே, நீதானே சொன்ன, கோடு நேரா போனா தண்ணி நல்லா கீதுன்னு. அப்போ என் மாடு ஏன் வுழுந்துச்சி?"

காகிதச் சுருளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி அண்ணன் கேட்டார். கூடப் பிறந்தவர் இல்லை. ஓடைக்கரையில் சாமை விதைப்பவர், எங்கள் பெட்டிக்குக் காவல். அவருக்குப் பின்னால் ஓர் எருது வாயில் நுரையோடு கிடந்தது. அதன் ஜோடி நின்றபடியே நடுங்கியது.

அந்தப் பெட்டி கடலுக்காகச் செய்தது. கரையோரத் தண்ணீர் கெடுகிறதா என்று ஆளில்லாமல் இரவும் பகலும் தானே பார்த்து எழுதும். அதைச் செய்த கம்பெனிக்காரர்கள் முதலில் நல்ல தண்ணீரில் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஜவ்வாது மலை ஓடைக்குக் கொண்டுவந்தார்கள். ஆலங்காயத்தில் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த என்னை, வாரம் ஒரு தடவை ஏறிப்போய்ச் சாவி கொடுத்துக் காகிதம் மாற்ற அமர்த்தினார்கள். தண்ணீருக்குள் கிடக்கும் குழாய் உப்பு, புளிப்பு, சூடு பார்க்கும். பேனா கோடு இழுக்கும். எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். அதை அண்ணனிடம் சொன்னதோடு வாயை மூடியிருக்கலாம். பெரிய படிப்பாளி மாதிரி, "கோடு ஆடினா கெட்ட தண்ணி, நேரா போனா நல்ல தண்ணிண்ணா" என்று சேர்த்துச் சொன்னேன்.

"நாக்கு கீது உன் பொட்டிக்கு. மூக்கு இல்லியா?" என்று அண்ணி அன்றைக்கே கேட்டார். நல்ல பேச்சு என்று சிரித்தேன்.

இன்று காலை, குழாய் கிடக்கும் ஓடை மடுவில் மீன்கள் வயிறு வெளுத்து மிதந்திருக்கின்றன. அந்த மலையில் அதைப் பார்த்து யாரும் பயப்படமாட்டார்கள். மேல்பக்கத்து ஆட்கள் காரைக்காயை இடித்துக் கலக்கி மீன் பிடிப்பது வழக்கம். மீன் மயங்கும், மாட்டுக்கு ஒன்றும் ஆனதில்லை. அண்ணி மட்டும், "காரைக்காய் வாசனை இல்ல இது, மாட்ட எறக்காத" என்றிருக்கிறார். அண்ணன் பெட்டியைத் திறந்து கோட்டைப் பார்த்திருக்கிறார். "உன் மூக்கு பெருசா, மிஷினு பெருசா?" என்று கேட்டுவிட்டு ஏர்மாடு இரண்டையும் இறக்கியிருக்கிறார்.

காகிதத்தை அவர் கையிலேயே விட்டுவிட்டு ஓடையோடு மேலே ஓடினேன். புதரில் காலி டப்பா கிடந்தது. கடலைச் செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து. காரைக்காய் இடிக்கச் சோம்பல்பட்ட யாரோ அதை ஓடையில் ஊற்றியிருந்தார்கள்.

டப்பாவோடு திரும்பினேன். இரண்டாவதும் விழுந்திருந்தது. அண்ணி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு புளித்தண்ணீர் புகட்டினார். எல்லாம் கடைவாய் வழியே வெளியே வந்தது.

"அண்ணா, இது உப்பும் இல்ல, புளிப்பும் இல்ல. பெட்டிக்குத் தெரியாது."

"அத அன்னிக்கே சொல்லிருக்கலாம் இல்ல?"

அண்ணி மறுபடியும் புளித்தண்ணீரை மாட்டின் வாயில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் அந்த மாட்டின் மூச்சும் நின்றது.

கீழேயிருந்து மணிச்சத்தம் கேட்டது. ஊர் மாடுகள் மத்தியானத் தண்ணிக்கு ஏறி வந்துகொண்டிருந்தன.

அண்ணன் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். குனிந்து இரண்டு மாட்டின் கழுத்துக் கயிற்றையும் அவிழ்த்தார். ஒன்றோடு ஒன்றை முடிந்து, மடுவுக்கு இறங்கும் தடத்தின் குறுக்கே மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிவிட்டு, அதன் முன்னால் போய் நின்றுகொண்டார்.