செஞ்சியில் பழைய சாமான் விற்ற கதை

ஒருவருக்கு மாற்றல் உத்தரவு வந்தாலும், ஒரு குடும்பம் பாகம் பிரிந்தாலும், சொந்தக்காரர்களுக்கும் முந்திப் போய் நிற்பவன் பழைய சாமான் வியாபாரிதான். அறுபதுகளில் செஞ்சியில் அது நான். கடைத்தெருவில் எனக்கு ஒற்றைக் கதவுக் கடை ஒன்று இருந்தது. கூட்டாளி கன்னியப்பன் மாட்டு வண்டி வைத்திருந்தார். சாமானை எடை போடுவதில் அவர் கெட்டிக்காரர், மனிதரை எடை போடுவதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு. 'அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது' என்று எதையாவது தூக்கி வந்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், வாருங்கள், நாம் எல்லோரும் ஒரே கட்சி.

மேல்சித்தாமூர்க் கட்டில்

மேல்சித்தாமூரில் ஒரு சமண நயினார் மகனோடு மெட்ராஸில் போய் இருக்க முடிவு செய்து, வீட்டுச் சாமான்களை விற்றார். உள்ளறையில் ஒரு தேக்குக் கட்டில். நாலு மூலையிலும் கடைந்த தூண், தலைமாட்டில் மயில். பார்த்ததுமே வாங்கிவிட்டேன். மறுநாள் காலையில் நானும் கன்னியப்பனும் தூக்கப் போனோம். நேராகத் தூக்கினோம், சாய்த்தோம், செங்குத்தாக நிறுத்தினோம். கதவைத் தாண்டி வரவில்லை. காலைக் கழற்றலாம் என்றால், இழைத்து ஆப்படித்து வேலை செய்த தச்சன் அதற்கு வழியே வைக்கவில்லை. கன்னியப்பனின் விரல் இரண்டு தடவை நசுங்கியது. மத்தியானம் வரை நயினார் எங்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் தோற்று, வெறும் வண்டியோடு கிளம்பும்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியது. "நயினாரே, இத எப்படித்தான் உள்ள கொண்டாந்தீங்க?" என்றேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"கொண்டாரவே இல்லியேப்பா. தச்சன் உள்ளயே குந்திக்கினு செஞ்சான். நீ கேக்கவே இல்ல!"

இருபது நிமிஷம்

மாற்றலாகிப் போன ஒரு அதிகாரி வீட்டில் வாங்கிய சுவர்க் கடிகாரத்தை, பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருந்த கோவிந்தசாமிக்கு விற்றேன். ஒரு நாள் டீ குடிக்கப் போனபோது பார்த்தால், அது இருபது நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவர் ஒன்றுமே சொல்லவில்லை, பெருந்தன்மை என்று நினைத்தேன். கடிகாரம் பழுது பார்ப்பவரை நானே கூட்டிப் போய், என் செலவிலேயே சரி செய்து மாட்டிவிட்டு வந்தேன். அன்று கடைக்கு நடந்தபோது நான் ஒரு உத்தமன் என்று எனக்கே பட்டது.

மூன்றாம் நாள் கோவிந்தசாமி கடிகாரத்தைக் கழற்றி, குழந்தையைப் போல் மார்பில் அணைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க? முன்னெல்லாம் இதப் பாத்துட்டு, டீய வாயில ஊத்திக்கினு பஸ்சுக்கு ஓடுவானுங்க, அடுத்தவன் வந்து குந்துவான். இப்ப ஒரு டீய வெச்சிக்கினு ஊர்க் கதையெல்லாம் பேசுறானுங்க. எப்படி ஓடிச்சோ அப்படியே ஓட வெச்சிக் குடு!"

கண்ணாடி

பெரிய வீட்டுக் கண்ணாடி ஒன்று. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகவிருந்த ஒருவர் அதன் முன்னால் வெகு நேரம் நின்றார். இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார், முன்மண்டையைத் தடவினார். பிறகு என்னிடம் வந்து பெருமூச்சு விட்டார்.

"பழைய கண்ணாடிங்க இது, மூஞ்சியும் பழசாத்தான் காட்டுது. புதுசு இருந்தா காட்டுங்க."

பேர் வெட்டின குடம்

பக்கத்துக் கிராமத்தில் நிலபுலன் உள்ள ஒரு வீட்டில் பித்தளைப் பாத்திரங்களை என்னிடம் விற்றார்கள். அதில் ஒரு குடத்தின் கழுத்தில் அந்த வீட்டு அம்மாவின் பேர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. அஞ்சலை டீச்சர் கடைக்கு வந்தார். அதே ஊரில், கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, படித்து வேலைக்கு வந்தவர். பேரை வாய்விட்டுப் படித்தார். பிறகு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்து, நான் விலையைக் குறைத்துச் சொன்னேன். "ஏன் கொறைக்கிறீங்க? மத்தவங்களுக்கு இன்னா விலையோ அதையே சொல்லுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சமாளிக்க, "பேரை வேணா அழிச்சிக் குடுக்கச் சொல்றேன் டீச்சர்" என்றேன். அவர் சிரித்தார்.

"வேணாம், இருக்கட்டும். தாகத்துக்குத் தண்ணி கேட்டா, இந்தக் கொடத்த எட்டத் தூக்கிப் பிடிச்சிதான் கையில ஊத்துவாங்க அந்தம்மா. இனிமே தெனம் என் இடுப்புல குந்திக்கினு தண்ணிக்கி வரட்டும்!"

மூடிகள்

மண்டகப்பட்டில் அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்தார்கள். கோபம் முற்றி, பாத்திரங்கள் அண்ணனுக்கு, மூடிகள் தம்பிக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அதோடு பேச்சு வார்த்தையும் நின்றது. மூன்று வருஷம் கழித்துத் தம்பி ஒரு சாக்கு மூடிகளைக் கொண்டு வந்து என்னிடம் போட்டார். "மூடிய மட்டும் வாங்கி இன்னாய்யா மூடப் போற?" என்று கன்னியப்பன் என்னை ஒரு வாரம் வறுத்தெடுத்தார்.

ஒரு மாதம் கழித்து அண்ணன் வந்தார். அரிசி அண்டாவில் எலி விழுகிறதாம், மூடி வேண்டுமாம். குவியலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஒரு மூடியை எடுத்து, ஓரத்தில் இருந்த நசுங்கலை விரலால் தடவினார். "இது எங்க அம்மா கீழ போட்டது" என்றார், என்னிடம் இல்லை, மூடியிடம். ஒன்று கேட்க வந்தவர் அத்தனையையும் எடுத்துக்கொண்டார். யார் கொண்டு வந்து போட்டது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் தம்பி வந்தார். எதையும் வாங்கவில்லை. ஒரு நாற்காலியைத் தட்டினார், ஒரு விளக்கைத் திருப்பினார். மூடிகள் இருந்த மூலை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, வெளியே போய், மறுபடி உள்ளே வந்தார்.

"அண்ணன் மூடிங்கள எடுத்துக்கினு வந்தாருன்னு ஊர்ல சொன்னாங்க. நான் கேட்டேன்னு அவருகிட்ட சொல்லிடாதீங்க. மூடிங்க எல்லாம் சரியாப் பொருந்திச்சாமா?"

கடையை மூடியபோது விலை போகாமல் மிஞ்சிய, கால் ஆடும் ஆறு நாற்காலிகளை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன், அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் நின்றபடியே பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள்.