அப்பாவின் வயிறும் அம்மாவின் இடுப்பும்

எங்கள் எஸ்டேட்டில் காப்பி மூட்டையையும் ஆட்களையும் ஒரே தராசில்தான் எடை போட்டார்கள். பழம் பறிப்பு தொடங்குவதற்கு முன் கம்பவுண்டர் அந்தத் தராசைக் களத்தோரம் கொண்டுவந்து வைத்து எல்லோரையும் ஏற்றி இறக்குவார். முள் காட்டுவதுதான் அவருக்கு உடம்பு. அந்த எடைக்கான சதை உடம்பில் எங்கே இருக்கிறது என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

அம்மா ஏறினால் களமே சிரிக்கும். அவளுக்கு இடுப்பும் தொடையும் பெரியவை.

"ஏனுங்க, மூட்டையோட ஏறிட்டீங்களா? இறக்கி வெச்சுட்டு ஏறுங்க" என்பார் கம்பவுண்டர்.

அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பையை இடுப்பில் கட்டிக்கொண்டு நாளெல்லாம் சரிவில் ஏறிப் பழம் பறிப்பவள் அவள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து அரை வயிறுதான் சாப்பிட்டாள்.

அப்பா மேஸ்திரி. நிழலில் நின்று அதட்டுவது அவர் வேலை. கை கால் குச்சி, வயிறு மட்டும் கெட்டியாக முன்னே நிற்கும். எடையில் அம்மாவை விடக் குறைவு. வருஷா வருஷம் அரைஞாண் கயிறு பற்றாமல் போய்ப் புதிது வாங்குவார். "போன வருசத்துக் கவுறு எட்டலைங்க" என்று கடைக்காரரிடம் பெருமையாகச் சொல்வார். வீடு செழிப்பாக இருக்கிறது என்று உறவுக்காரர்களும் மெச்சிக்கொண்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். எண்பதுகளின் கடைசியில் சேலத்துக் கல்லூரியில் விலங்கியல் படித்தேன். கொழுப்பெல்லாம் ஒன்றல்ல என்று அங்கேதான் தெரிந்தது. இடுப்பிலும் தொடையிலும் தோலுக்கடியில் தங்குவது பெரும்பாலும் சும்மா கிடக்கும். வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிச் சேர்வது அப்படியல்ல. ரத்தத்தில் கலந்து, சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழி விடுகிறது. வகுப்பில் உட்கார்ந்தபடியே அப்பாவை நினைத்தேன். கொஞ்ச நாளாக ஓயாமல் தண்ணீர் குடித்தார். தோள் எலும்பு துருத்தியது. "இளைச்சிட்டீங்க மேஸ்திரி, நல்லதுங்க" என்று அதற்கும் கம்பவுண்டர் பாராட்டியிருந்தார்.

லீவுக்கு வந்ததும் கம்பவுண்டரிடமே போனேன். "அப்பாவுக்குச் சக்கரை இருக்குமோன்னு பயமா இருக்குதுங்க."

"காலேஜுப் புள்ளைக்குப் பாக்கறதெல்லாம் நோயாத்தான் தெரியும் சாமி. தராசு பொய் சொல்லுமா?"

அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். "எனக்கென்ன கண்ணு? ஒங்கம்மாளக் கூட்டிட்டுப் போ. அவதான் நொம்பப் பெருத்துக் கெடக்கறா."

அம்மா என்னைப் பார்த்தாள். "எனக்குத்தானுங்க பாக்கப் போறோம். நீங்க தொணைக்கு வாங்க" என்றாள். அப்படித்தான் அவரை பஸ் ஏற்றினோம்.

சேலத்தில் டாக்டர் அம்மாவைப் பார்த்த மாத்திரத்தில் கேட்டார்: "வாங்கம்மா, எத்தனை நாளா சக்கரை?"

படித்தவருக்கும் அதே கண்தான்.

"அம்மாவுக்கு இல்லைங்க, அப்பாவுக்குப் பாக்கணும்" என்றேன். அப்பா எழுந்து வாசலுக்கு நடந்தார்.

"ஊசின்னா பயமுங்களா?" என்றாள் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. மேஸ்திரிக்கு அது பொறுக்குமா? திரும்பி வந்து கையை நீட்டினார்.

இரண்டு பேருக்கும் பார்த்தார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இல்லை. அப்பாவுக்கு எக்கச்சக்கம். செருப்பைக் கழற்றச் சொன்னபோது, குதிகாலில் அவர் எங்களுக்குக் காட்டாமல் வைத்திருந்த புண் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அங்கேயே படுக்க வைத்தார்கள். புண் ஆறத் தொடங்கிய பிறகுதான் ஊருக்கு அனுப்பினார்கள்.

விசாரிக்க வந்த அப்பாவின் அக்கா, அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "நீ தின்னு பெருத்தது பத்தாதுன்னு எந்தம்பியையும் நோவாளியாக்கிட்டயே புள்ள."

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். கம்பவுண்டரும் ஆட்டினார். அப்பா கட்டுப் போட்ட காலைப் பெஞ்சில் நீட்டி உட்கார்ந்திருந்தார். யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று டாக்டர் சொன்னதைத் தன் காதால் கேட்டவர். ஒரு வார்த்தை சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கட்டின் நுனியை நிமிண்டிக்கொண்டிருந்தார்.

சர்க்கரை அப்பாவுக்குத்தான், அம்மாவுக்கு இல்லை என்று நான்தான் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படி. வாய் நீளம் என்றார்கள். இருக்கட்டும். அப்பாவின் கால் பிழைத்தது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். அன்றைக்கு அவர் வாயைத் திறக்காமல் இருந்ததை மட்டும் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.